பேர் எழுதாத அளவுச் சீட்டு

நாகையா அண்ணன் வீட்டில் நான் குடியிருந்ததே சட்டப்படி குற்றம். ரயில்வே குவாட்டர்ஸில் வெளியாளை வாடகைக்கு வைக்கக்கூடாது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அந்த நூறு வீட்டு வரிசையில் வெளியாள் இல்லாத வீடு எது என்று கேட்டால் ரயில்வேக்காரர்களே சிரித்துவிடுவார்கள். முன்னறை எனக்கு. மூன்று வேளைச் சாப்பாடும் சீதாலெட்சுமி அக்காவின் கையால். கிள்ளான் துறைமுகத்தில், கப்பலில் ஏறும் சரக்குக்குத் தாள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. விடிந்ததும் பஸ் ஏறி, பொழுது சாயத் திரும்பி வருவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் என் வாழ்க்கை அவ்வளவுதான்.

அண்ணன் தண்டவாளக் கேங்கில் மண்டோர், கூலியாட்களுக்கு மேஸ்திரி. பேச்சு குறைவு. வீட்டில் பேசுவது அக்காவும் அவளுடைய தையல் மிஷினும்தான். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துப் பெண்மணிகளில் பாதிப்பேருக்கு அக்காதான் தையல்காரி. டீச்சர்மார், கிளார்க் மனைவிமார், கோயில் கமிட்டித் தலைவரின் மருமகள்கள், எல்லாரும் இடுப்பில் கால் அங்குலம் கூடிவிட்டது என்று கூப்பிட்டனுப்புவார்கள். கூடியது துணியில்லை, வேறு என்பதை அக்கா சொல்லமாட்டாள். சிரிக்காமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவு எடுத்ததும் சீட்டின் தலையில் பேரை எழுதி, அதைத் துணியோடு ஊசி குத்தி வைப்பாள். பேர் இல்லாத சீட்டுக்குக் கத்திரி எடுக்கமாட்டாள். ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையும் அவள் அத்தையின் ரவிக்கையும் மாறிப்போய், மண்டபத்துக் குளியலறையில் உட்கார்ந்து, நாதஸ்வரம் கேட்கக் கேட்க அக்கா பிரித்துத் தைத்தாளாம். "அன்னிக்கு அந்தப் பொண்ணு அழுத அழுகை இருக்கே, தாலி கட்டறப்பகூட அப்படி அழுவலை தம்பி" என்பாள்.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த பிறகு, இராசேஸ்வரி டீச்சர் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் தையல் கூட்டம் ஆரம்பமானது. டீச்சர் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் முத்துக்குமாரு அரசாங்கக் கணக்கராக இருந்தவர். பெண்கள் கூட்டம் வந்ததும் செய்தித்தாளோடு பின்கட்டுக்குப் போய்விடுவார். பதினொரு பெண்கள். அக்கா வெட்டிக் கொடுப்பாள், அவர்கள் தைப்பார்கள். அகதிப் பிள்ளைகளுக்குச் சட்டை, பாவாடை, கால்சட்டை. யாரும் ஒரு காசு வாங்கியதில்லை. துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் செலவில் பிடித்துத்தான் வாங்கினாள். மடித்துக் கட்டிய மூட்டைகளுக்கு நான் தாள் எழுதிக் கப்பலேற்றுவேன். என்னால் ஆன தர்மம் அது. கொஞ்சம் பெருமையும் உண்டு, ஏன் மறைக்கவேண்டும்?

முதல் நாளே அக்கா கேட்டிருக்கிறாள்: "டீச்சர், அளவு இருக்கு. பேரு?"

"தர்மத்துக்குக் குடுக்கேக்க வாங்கிற பிள்ளையின்ட பேர் கேக்கிறது அழகில்லை சீதா. அதுகளை நாங்கள் குறைச்ச மாதிரி ஆகும்" என்றார் டீச்சர்.

அக்காவுக்கும் அது சரி என்று பட்டது. கோயிலில் அன்னதானத்துக்கு இலை போடுகிறோம், உட்கார்ந்தவன் பேரையா கேட்கிறோம்? மூன்று வருஷம் அப்படியே போயிற்று. எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. கொடுப்பதில் அத்தனை மரியாதை.

அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பாலசுந்தரம் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாளாகத்தான் இங்கே. முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அகதி முகாம் பள்ளிக்கூடங்களுக்காக வந்திருப்பதாகச் சொன்னார். நானும் அன்றைக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"ஷெல் அடிச்சா ஓடவேணும் அக்காமார். பிள்ளையள் ஒரு கையில தம்பியப் பிடிக்குதுகள், மற்றக் கையில தங்கச்சி. புத்தகப் பை எங்க தூக்கிறது? போட்டுட்டு ஓடுதுகள். பிறகு படிக்கப் புத்தகம் இல்லை. அதுதான் நெஞ்சில கட்டுற பையாத் தைச்சுத் தாங்கோ. கை ரெண்டும் சும்மா இருக்கும்."

அதைக் கேட்டுக் கனகேஸ்வரி என்ற பெண்மணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய அண்ணன் வீடு கொழும்பில் எரிந்தது; அண்ணன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மட்டும் என்ன கல்லா? அந்த வார பஸ்ஸுக்கு வைத்திருந்த வெள்ளிக் காசையெல்லாம் கூட்டத்து உண்டியலில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அண்ணனிடம் கடன் வாங்கித்தான் வேலைக்குப் போனேன்.

கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார் பாலசுந்தரம். நெஞ்சு அளவு இருபத்தாறு, முப்பது உருப்படி. இருபத்தெட்டு, நாற்பது. முப்பது, பத்து. பச்சை கான்வாஸ் துணி அவரே கொடுத்தார். முன்பக்கம் ஆறு பை, மூடி, அமுக்குப் பொத்தான். அடிப்பக்கம் லேசான வளைவு. "என்னா சுத்தமான கட்டிங் தம்பி! படம் போட்டவன் நல்ல வேலைக்காரன்" என்று அக்கா அந்தத் தாளை என்னிடம் காட்டி மெச்சினாள். மாதிரிக்கென்று முதல் வாரமே பன்னிரண்டைத் தைத்தார்கள். அவர் கையோடு வாங்கிப் போனார். மீதி அறுபத்தெட்டு அடுத்த மாதம் மெட்ராஸ் விலாசம் ஒன்றுக்குக் கப்பலில். "பள்ளிப் பை" என்று தாளில் தட்டச்சு செய்தவன் நான்தான்.

சரக்கு ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. காலையிலிருந்தே புழுக்கம். மத்தியானம் மழை வரும் என்று வானம் சொல்லிக்கொண்டிருந்தது. கோழிப் பெரட்டலும் ரசமும் நெத்திலி சம்பலும். நான் தரையில் உட்கார்ந்து இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கடைசி உருப்படியின் தோள் வாரைத் தைத்து முடித்துவிட்டு, மகள் மலர்விழியைக் கூப்பிட்டாள். மலர் பாரம் ஒன்று, அதாவது ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பதிமூன்று வயது.

"இங்க வாடி. இத மாட்டிட்டு ரெண்டு தரம் ஓடு. வார் நழுவுதான்னு பாக்கணும்."

"அய்யோ, கனக்குதும்மா."

"ஓடுடி சொல்றேன்."

மலர் அதை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. வார் நழுவவில்லை. அப்போதுதான் அண்ணன் டியூட்டி முடிந்து, மழையில் நனைந்து, சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மகள் அவர் மேல் மோதாத குறை.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"கழட்டு."

"இல்லப்பா, அம்மாதான்..."

"கழட்டுன்னேன்!"

அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதேயில்லை. மலர் அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தாள். அண்ணன் அதை மேசை மேல் விரித்தார். துண்டால் கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பையாக விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னாது இது, சீதா?"

"பள்ளிக்கூடத்துப் பை. சொன்னேன்ல, நெஞ்சுல கட்டறது."

"மலரு, உன் ஜாமெட்ரி பாக்ஸ எடுத்தா."

ஜாமெட்ரி பாக்ஸ் உள்ளே போகவில்லை. புத்தகம் எப்படிப் போகும்? நாலு விரல் அகலம்தான் இருந்தது, ஒரு சாண் ஆழம். பென்சில் போட்டால் மறுபடி எடுக்க முடியாமல் அடியில் போய் விழுந்தது.

"அடியில வளைவு வெச்சிருக்கியே, எதுக்கு?"

"படத்துல இருந்துச்சு. அழகுக்குன்னு நெனச்சேன்."

"அழகுக்கு இல்லடி." அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் வெள்ளக்காரன் காலத்துல, கம்யூனிஸ்டுங்களோட சண்ட நடந்த அவசரகாலத்துல, எஸ்டேட்டுல ஸ்பெசல் கான்ஸ்டபிளா இருந்தேன்ல. பத்தொம்போது வயசு. ஒரு நாளு காட்டுல சுட்டு, லோரியில போட்டுக் கொண்டாந்து ஆபீசு முன்னால கெடத்துனாங்க. மூணு பேரு. ஒருத்தன் சின்னப் பையன். மீசகூட இல்ல. நெஞ்சுல இதே மாதிரி கட்டியிருந்தான். துப்பாக்கிக் குண்டு போடற பை. குண்டுப் பெட்டி வளைஞ்சிருக்கும், அதுக்குத்தான் அடியில வளைவு. என்னைத்தான் அவுக்கச் சொன்னாங்க. நாந்தான் அவுத்தேன்."

முப்பது வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாதது. அக்காவுக்கே அன்றுதான் தெரியும். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. என் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அக்கா அந்தத் துணியைத் தொடவில்லை. அளவுச் சீட்டை மட்டும் எடுத்துப் பார்த்தாள். அதன் தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "இருபத்தாறு" என்றாள். மறுபடியும், "இருபத்தாறு, முப்பது உருப்படி" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். மலர்விழியின் நெஞ்சளவு இருபத்தாறு. அவள் பள்ளிச் சட்டையைத் தைப்பதும் அக்காதானே.

"பெரியாளு சண்ட போட்டுக்கறான்னா அது வேற. இது புள்ளைங்க அளவுங்க" என்றாள் அண்ணனிடம்.

"அதான் சொல்றேன். தச்சதப் பிரிச்சுட்டு, மிஷினு கெட்டுப்போச்சுன்னு சொல்லித் துணியத் திருப்பிக் குடுத்துரு. வாயத் தொறக்காத. போலீசுக்குப் போச்சுன்னா குவாட்டர்ஸு போயிரும், இந்தத் தம்பி வேலையும் போயிரும்."

என் வேலை என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். நானும் அண்ணன் பக்கம்தான் பேசினேன், வெட்கத்தோடு சொல்கிறேன். "ஆமாக்கா. திருப்பிக் குடுத்துட்டா நம்ம கை சுத்தம்லா."

"எப்படிச் சுத்தம்? பன்னண்டு போயிருச்சே. நான் திருப்பிக் குடுத்தா செந்தூல்ல இன்னொரு தையக்காரி தச்சுக் குடுப்பா. அவளும் பள்ளிக்கூடத்துப் பைன்னு நெனச்சுதான் தைப்பா. பாவம், அழுதுகிட்டே தைப்பா."

"டீச்சரம்மாகிட்ட சொல்லப்போறியா? அவுங்க ஊரு விசயம் அது. நீ யாரு கேக்கறதுக்குன்னு கேப்பாங்க. தீவாளித் துணி ஒண்ணு வராது வீட்டுக்கு."

அக்கா மிஷினிலிருந்து நூலை உருவினாள். அந்த வாரம் முழுக்க மிஷின் ஓடவில்லை. ரயில் போகும்போது மட்டும் அதன் ஊசித் தகடு தானாக அதிர்ந்தது. தீபாவளி ரவிக்கைத் துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன. அந்தக் காசில்தான் மலரின் டியூஷன், வீட்டின் அரிசி, எல்லாம். ஒரு வாய் திறந்தால் இவ்வளவும் போகும். அறுபத்தெட்டும் கப்பல் ஏறினால் என்ன போகும் என்பதும் எங்கள் மூவருக்கும் தெரியும். ஒரு குடும்பம் ஒரு மூட்டையைப் பார்த்துப் பயந்து வாழ்ந்ததை நான் அந்த ஒரு வாரத்தில்தான் கண்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். மூட்டையைத் தூக்க நான். அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, டீச்சர் வீட்டு வேலியோரம் நின்றுகொண்டார்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் பதினொரு பெண்களும் இருந்தார்கள். கோப்பியும் முறுக்கும் மேசையில். பாலசுந்தரம் மூட்டையை வாங்கித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகக் காத்திருந்தார்.

"வாங்கோ அக்கா. எல்லாம் முடிஞ்சுதோ?" என்று எழுந்தார்.

"முடிஞ்சுது சார். ஒரு உதவி செய்யுங்க. இதை மாட்டிப் பாருங்க."

அவர் சிரித்தார். "எனக்கேன் அக்கா பள்ளிக்கூடப் பை?"

"சும்மா மாட்டுங்க சார்."

அவர் விளையாட்டாகக் கையை நுழைத்தார். தோளுக்கு மேல் ஏறவில்லை. பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பத்தல. எங்க மலருக்குக் கணக்கா இருந்துச்சு. அவளுக்குப் பதிமூணு வயசு. அவ புத்தகம் ஒண்ணுகூட இதுக்குள்ள போகல சார். வேற என்னா போகும்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு. அவரு துப்பாக்கி புடிச்சு வேல செஞ்சவரு."

யாரோ கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"சீதா, என்ன கதைக்கிறாய்?" என்றார் டீச்சர்.

"டீச்சர், மூணு வருசமா நான் பேரு கேக்கல. கேக்கறது மரியாத இல்லன்னு இருந்துட்டேன். இன்னிக்குக் கேக்கறேன்." அக்கா பையிலிருந்து அளவுச் சீட்டை எடுத்துப் பாலசுந்தரத்திடம் நீட்டினாள். "இருபத்தாறு அளவுல முப்பது புள்ளைங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க. முப்பது பேரும் வேணாம். ஒரே ஒரு புள்ளையோட பேரு சொல்லுங்க. அப்பா பேரு, எந்தப் பள்ளிக்கூடம். இங்கயே உக்காந்து எழுதிக்கிறேன். மூட்டைய நீங்க எடுத்துட்டுப் போகலாம்."

நான் கதவருகே நின்றேன். தையல் கூலிக்குப் பின்வாசல் வழியாக வந்து போகிற ஒரு பெண், படித்தவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு பேரைக் கேட்கிறாள். கேட்டது அவ்வளவுதான். அதைவிடப் பெரிய கேள்வியை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

பாலசுந்தரம் சீட்டை வாங்கவில்லை. கெட்டவர் முகமில்லை அவருடையது. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"பேர் சொல்லேலாது அக்கா. இயக்கத்துக்கு வந்தாப் பிறகு பழைய பேர் இல்லை. வேற பேர் வைப்பம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்கவேண்டும். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "எங்கட சனத்துக்காகத்தான் அம்மா. உங்களுக்குத் தெரியாததோ?"

கனகேஸ்வரி எழுந்தார். "பிள்ளையள் இதைக் கட்டினால் என்ன? பேசாமல் நிண்டு எரியவோ? என்ர அண்ணன்ர வீட்டை எரிச்சவனிட்ட ஆர் பேர் கேட்டது? நீ சொல்லு சீதா!"

அக்கா நீட்டிய சீட்டை மடித்தாள். "எனக்குத் தெரியலம்மா. உங்க வலி எனக்கு வராது. ஆனா புள்ளைக்கு நான் இதத் தைக்கமாட்டேன்" என்றாள். கனகேஸ்வரி அழுதபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் நான்கு பேர் அவரோடு போனார்கள்.

இனி டீச்சரும் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். நான் அவரைப் பல தடவை கிண்டல் செய்தவன். ரவிக்கைக் கழுத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடுகிறவர் என்று மலரிடம் நடித்துக் காட்டியவன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"தம்பி பாலசுந்தரம். முப்பத்தொரு வருஷம் தினமும் காலமை ரெஜிஸ்டர் கூப்பிட்டவள் நான். பேர் கூப்பிட்டா 'இருக்கிறன் டீச்சர்' எண்டு சொல்லிறதுதான் பிள்ளை. அந்தப் பேரைப் பறிச்சுப்போட்டு நெஞ்சில இதைக் கட்டுறதுக்கு, என்ர வீட்டுக் கூடத்தில, நாங்கள் அழுது அழுது தைச்சமோ?" தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எங்கட சனத்துக்கு நான் சாகும்வரை குடுப்பன். ஆனால் இனி ஆருக்குப் போகுது எண்டு தெரியாமல் ஒரு நூல்கூட இந்த வீட்டில இருந்து போகாது. நீர் போம்."

பாலசுந்தரம் வாசல் வரை போய் நின்று, அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் மறிச்சது எண்டு கேப்பினம். உங்கட பேரைச் சொல்லவேண்டி வரும் அக்கா." மிரட்டலா, எச்சரிக்கையா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சொல்லுங்க சார். சீதாலெட்சுமி, நாகையா பொஞ்சாதி, ஹண்ட்ரட் குவாட்டர்ஸு. சரியா எழுதிக்குங்க."

வேலியோரம் நின்ற அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே வந்து மனைவி பக்கத்தில் நின்றார். பாலசுந்தரம் போனார். அப்புறம் அவரை நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கவில்லை.

"பிளேடு எடுத்தாங்கோ" என்றார் டீச்சர் பின்கட்டைப் பார்த்து. முத்துக்குமாரு சவர பிளேடு பாக்கெட்டோடு ஓடி வந்தார். மிஞ்சியிருந்த ஆறு பெண்களும் அக்காவும் பாயில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். கான்வாஸில் இரட்டைத் தையல். அவசரப்பட்டால் துணி கிழியும். நூல் நூலாக எடுத்தார்கள். மூன்று வாரம் உயிரைக் கொடுத்துத் தைத்ததை, அதே கைகள் அதே கவனத்தோடு அவிழ்த்தன. மாலை ஐந்தரைக்குத் துணி வெறும் துணியாக மடித்து அடுக்கப்பட்டிருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் அந்தத் தாளைக் கிழித்தேன். சரக்கு இல்லை என்று முதலாளி தவ்கேயிடம் சொன்னதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

அண்ணன் சொன்னதும் நடக்காமல் இல்லை. மூலையில் கிடந்த தீபாவளித் துணிகளில் பாதியை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். கோயிலில் சில பேர் அக்காவைக் கண்டால் திரும்பிக்கொண்டார்கள். வாசலில் யாரோ சாயத்தால் "துரோகி" என்று எழுதியிருந்ததை அண்ணன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு மலருக்குப் புதுச்சட்டை இல்லை. அக்கா தன் சேலையில் ஒன்றைப் பாவாடையாக்கிக் கொடுத்தாள். போய்விட்ட பன்னிரண்டைப் பற்றி அக்கா பேசுவதில்லை. ஆனால் சோறு போடுகிறவள் சட்டென்று கரண்டியோடு நின்றுவிடுவாள். எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சரும் அக்காவும் சேர்ந்து புது ஏற்பாடு செய்தார்கள். டீச்சரோடு ஒரு காலத்தில் படித்தவர் மன்னார்ப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அவருக்குக் கடிதம் போயிற்று. அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: புத்தகப் பை தைத்துத் தருகிறோம். பிள்ளைகளின் பேர், தகப்பன் பேர், தோளிலிருந்து இடுப்பு வரை அளவு, மூன்றும் வேண்டும். பை போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தன் பேரை ஒரு தாளில் எழுதி அனுப்பவேண்டும். மரியாதைக் குறைவாக நினைக்கவேண்டாம். எங்கள் கூட்டத்தில் இனி இதுதான் சட்டம்.

பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. தைப்பூசம் முடிந்து, பத்துமலைக்குப் போன கூட்டமெல்லாம் வீடு திரும்பிவிட்டது. உறையில் முத்திரைக்கு மேல் முத்திரை. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக எங்கள் குவாட்டர்ஸ் வாசலுக்கே வந்தார். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் வாசித்தேன்.

"தாங்கள் பெயர் கேட்டபடியால், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளவெடுத்தோம். பதிவேட்டில் எண்பத்தொன்பது பிள்ளைகள். குரல் கொடுத்தவர்கள் எழுபத்திரண்டு பேர். அவர்களுடைய விபரம் இத்துடன். நெடுநாளாக நாங்கள் பதிவேட்டை முழுதாகக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாயிருந்தது."

பின்னால் எழுபத்திரண்டு பேர்கள், நீல மையில், வரிசையாக. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றார். முடித்தபோது டீச்சர் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்.

"எழுபத்திரண்டு" என்றேன். "துணி தாராளமா போதும்கா."

"எண்பத்தொம்போது தைக்கணும். தம்பி, பதில் எழுதுங்க. மிச்சம் பதினேழு பேரோட பேரையும் அனுப்பச் சொல்லுங்க."

"எப்படிக்கா? அளவெடுக்கறதுக்குப் புள்ளைங்க அங்க இல்லியே."

"அளவு எனக்குத் தெரியும். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது" என்றாள் அக்கா. கான்வாஸ் துணியை மடியில் எடுத்து வைத்து, கையால் நீவினாள். "பேரு மட்டும் வரட்டும். அந்தந்தப் பேரச் சிவப்பு நூல்ல போட்டுத் தச்சு அனுப்பறேன். பள்ளிக்கூடத்துலயே மாட்டி வெக்கட்டும். ஒம்பேருல ஒரு பை தொங்குதுன்னு யாராச்சும் அதுங்க காதுல போய்ச் சொல்லட்டும்."